வருக்கைச் சுளையின் சத்தம்

தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குணலட்சுமி அக்கா செய்த பழ இனிப்பு இருக்கும். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘அக்காவின்ரை சாமான்’ என்பார்கள். மாம்பழம் கிடைத்தால் மாம்பழம். பலா கிடைத்தால் பலா. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, கடற்பாசி போட்டுக் காய்ச்சி, தட்டுகளில் ஊற்றி இறுக விடுவார். பிறகு சதுரமாக வெட்டி வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்.

முன்பெல்லாம் அது வாயில் வைத்ததும் கரைந்துவிடும். சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அது மாறியது. மேலே நெய்யில் பொரித்த தேங்காய்ச் சீவல் வந்தது. உடைத்த முந்திரிப் பருப்பு, எங்கள் பேச்சில் கஜு, வந்தது. மாதுளை முத்து வந்தது. கடித்தால் சத்தம் கேட்டது.

“இப்பத்தான் அண்ணிக்குக் கை பழகியிருக்கு” என்றார் ஞானாம்பிகை மச்சாள். அவரிடம் இருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

குணலட்சுமி அக்கா என் கணவரின் மூத்த அண்ணன் இராசநாயகத்தின் மனைவி. அவர்கள் வீடு கொடிகாமத்தில், தென்னை வளவுக்குள். ஞானாம்பிகை மச்சாள் என் கணவரின் அக்கா. மானிப்பாயில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் அங்கே சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறோம். ஆவணி விடுமுறையில் அம்மன் கோயில் தேரன்று எல்லோரும் கொடிகாமத்தில் கூடுவோம். பிள்ளைகளோடு நாற்பது பேர் வரும்.

இந்த ஆண்டு மச்சாள் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மச்சாளின் குரல் வெளியே கேட்டது.

“நாப்பது பேருக்கு உந்தக் கரைச்சல் ஏன் அண்ணி? யாழ்ப்பாணம் ரவுணிலை ஐஸ்கிறீமுக்குச் சொல்லுவம். உங்களுக்கும் வயசு போகுதெல்லோ.”

“இந்த வருசமும் நான்தான் செய்யிறன் ஞானம்” என்றார் அக்கா.

தொலைபேசியை வைத்துவிட்டு, துடைத்திருந்த மேசையை மறுபடியும் துடைத்தார். அந்த வீட்டில் காணி, கல்யாணம், கோயில் உபயம் எல்லாவற்றையும் இராசநாயகம் அண்ணையும் சகோதரங்களும் விறாந்தையில் இருந்து தீர்மானிப்பார்கள். அக்கா தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பார். இது ஒன்றை மட்டும் அவர் தீர்மானித்தார்.

மச்சாள் விட்டுக்கொடுத்தார். ஆனால் பழம் தன்னுடையது என்றார். அவர் வளவில் வைத்த அம்பலவி மாமரம் இந்த ஆண்டுதான் முதல்முறை காய்த்தது. முதல் காய்ப்பு அம்மனுக்குப் படைக்க வேண்டும். தேருக்கு முதல் நாள் மாலை, மானிப்பாயிலிருந்து வந்த வான் வண்டி ஒன்று மாம்பழப் பெட்டியை விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனது.

தேரன்று காலை நான் முதல் பஸ்ஸில் போனேன். ஆண்கள் முதல் நாள் பெட்டி வருமுன்னமே கோயிலில் சப்பறத் திருவிழாவுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். குளித்து, ஈரத் தலையைத் துணியால் முடிந்திருந்தார்.

நான் குசினி வாசலில் நின்றேன். கருவாட்டு மணம் வந்தது.

கொடியேறிய நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. மீன் காய்ச்சிய சட்டிகளைக்கூடக் கட்டி மேலே வைத்துவிடுவார்கள். அயலிலும் அப்படித்தான். பூனை எதையாவது இழுத்துவந்ததோ என்று மேசைக்குக் கீழே பார்த்தேன்.

“என்ன பிள்ளை தேடுறாய்?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“வந்து உதைப் பார். அம்பலவி எண்டால் அம்பலவிதான். துளி நார் இல்லை.”

பெரிய சட்டி நிறைய மாம்பழக் கூழ். பொன் நிறம். எல்லாப் பழத்தையும் தோல் சீவிக் கரைத்து முடித்திருந்தார். நான் குனிந்தேன். முதலில் மாம்பழம் மணத்தது. அதற்குக் கீழே கருவாடு.

பெட்டி மூலையில் இருந்தது. வைக்கோலையும் கடதாசியையும் விலக்கினேன். அடிப்பக்கத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒரு செதிள் ஒட்டியிருந்தது. மச்சாள் வீட்டுக் கடைப் பெட்டி.

“அக்கா, உங்களுக்கு மணக்கேல்லையோ?”

அகப்பை நின்றது.

“என்ன மணம்?”

நான் பெட்டியைச் சரித்துக் காட்டினேன். அவர் செதிளைப் பார்த்தார். அகப்பையைக் கீழே வைத்தார்.

“கருவாடோ?”

“ஓம்.”

“பழத்திலையுமோ?”

“கொஞ்சம் அக்கா. ஆனால் மணக்குது.”

அக்கா பலகையில் அமர்ந்தார். தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு ஒரு மணமும் தெரியாது தர்சினி. கொரோனா வந்து போனதிலை இருந்து இல்லை. மல்லிகைப் பூவும் ஒண்டுதான், மாட்டுச் சாணியும் ஒண்டுதான்.”

“டொக்டரிட்டைக் காட்டேல்லையோ?”

“காட்டினனான். திரும்பி வரும் எண்டினம். எனக்கு வரேல்லை.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“அவருக்கு மட்டும்தான். அவர்தான் எனக்கு மூக்கு.” அக்கா சிரித்தார். “பழத்தை மணந்து பாத்து, இது இண்டைக்கு, அது நாளைக்கு எண்டு பிரிச்சு வைப்பார். கறி அடிப்பிடிச்சால் விறாந்தையிலை இருந்து சத்தம் போடுவார். இண்டைக்குப் பாத்து மனுசன் தேருக்கு வடம் பிடிக்கப் போயிட்டுது.”

“ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“சொன்னால் பாவம் எண்டுவினம். கதிரையைப் போட்டு, நீங்கள் இருங்கோ எண்டுவினம். பிறகு ஐஸ்கிறீம்தான். என்னை அடுப்படிக்கு விடாயினம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இந்த வீட்டிலை எனக்கெண்டு இருக்கிறது உது ஒண்டுதான்.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து சட்டியின் ஒரு காதைப் பிடித்தார்.

“மற்றப் பக்கம் பிடி. மத்தியானப் படையலுக்கு முதல் வேறை செய்யவேணும்.”

கூழை வாழையடியில் கிடங்கு வெட்டி ஊற்றினோம். தோல்கள் முன்னமே அங்கே கிடந்தன. சட்டியை முற்றத்தில் ஒதுக்கி வைத்தோம். பெட்டி விறகுக் கொட்டிலுக்குப் போனது. குசினி முழுவதும் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். மேசை, கத்தி, தேங்காய்த் திருவலை, எதையும் விடவில்லை. அக்கா புளியாலும் சாம்பலாலும் கைகளைத் தேய்த்தார். பிறகு என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

“மணந்து பார்.”

“இன்னும் இருக்கு அக்கா.”

எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தார். நீட்டினார்.

“விரல் நுனியிலை கொஞ்சம்.”

மறுபடியும் தேய்த்தார். விரல்கள் சிவந்துவிட்டன. நான் அந்தக் கைகளைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மணந்தேன். எலுமிச்சை. வேறொன்றும் இல்லை.

“இனிச் சரி.”

“வடிவாப் பாத்தனியோ?”

“பாத்தனான் அக்கா.”

அவர் ஸ்கூட்டியை எடுத்தார். நான் பின்னால் இருந்தேன். கொடிகாமம் சந்தையில் மரக்கறி இறங்கிக்கொண்டிருந்தது. மாம்பழம் கொஞ்சம்தான் இருந்தது. அதுவும் நாளைக்குப் பழுக்கிற பழம். பலாப்பழங்கள் சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன.

“அக்கா, கிட்ட வந்து மணத்தைப் பாருங்கோ” என்றார் வியாபாரி. “தேன் மாதிரி.”

அக்கா குனிந்து, மூக்கைப் பழத்தருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை தடவை இப்படி ஆட்டியிருப்பார். பிறகு முள்ளை விரலால் அழுத்தினார். உள்ளங்கையால் தட்டிக் காது கொடுத்தார். ஒன்றை உருட்டிவிட்டு அடுத்ததைத் தட்டினார்.

“என்னக்கா, வீட்டுக்காரர் உள்ளுக்கை இருக்கிறாரோ எண்டு கதவு தட்டுறியளோ?”

“இருந்தால் திறப்பார்தானே” என்றார் அக்கா.

இரண்டு பழங்களை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மணந்தேன். ஒன்றில் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மற்றதைக் கண்ணால் காட்டினேன்.

“உது கூழனோ, வருக்கையோ?” என்று வியாபாரியைக் கேட்டார்.

“வருக்கை. கல்லு மாதிரிச் சுளை.”

“அதுதான் வேணும். வெட்டிக் காட்டுங்கோ.”

திரும்பும்போது பழம் என் மடியில் இருந்தது. முள் தொடையில் குத்தியது.

“கூழன் எண்டால் கரைக்கச் சுகமெல்லோ அக்கா?”

“கரைஞ்சு என்ன? எனக்கு வாயிலை இனிப்பு மட்டும்தான் தெரியும். மாம்பழமும் சீனித்தண்ணியும் ஒண்டுதான்.” காற்றுக்கு எதிரே உரக்கச் சொன்னார். “கடிக்கேக்கை சத்தம் வேணும். சத்தம் இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.”

மூன்று ஆண்டுகளாக நாங்கள் கடித்துச் சாப்பிட்டது என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னிடம் மிச்சம் இருந்ததைக் கொண்டு அவர் அதைச் செய்திருந்தார். நாங்கள் அதைக் கைப்பழக்கம் என்றோம்.

வீட்டுக்கு வந்து இருவரும் மறுபடியும் குளித்தோம். பின்கொட்டிலில் சோறும் கறியும் காய்ச்ச அயல்வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். குசினியில் நாங்கள் இருவரும் இருந்தோம். அக்கா கைக்கு எண்ணெய் பூசிச் சுளைகளை எடுத்தார். பாதியை அரைத்தார். மீதியைத் தாள் போல் மெல்லிதாகச் சீவினார். நான் தேங்காய் துருவிப் பால் பிழிந்தேன்.

படையலுக்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. சாமிக்குப் படைப்பதை நாக்கில் வைப்பதில்லை; தானாக வருகிற மணத்துக்கு மட்டும் அந்த வீட்டில் தடை இல்லை. சர்க்கரை போதுமா என்று கேட்க நாக்கு இல்லை. அக்கா பாகை விரல்களுக்கு நடுவில் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

“தேரண்டைக்குத்தான் எனக்குச் சுகம்” என்றார். “ஒருத்தரும் ருசி பாக்க ஏலாது. எல்லாரும் என்னை மாதிரித்தான்.”

பால் காய்ந்தது. அவர் கிண்டினார். நான் மணந்தேன்.

“பால் எப்பிடி?”

“நல்லா இருக்கு. புளிக்கேல்லை.”

“ஏலக்காய்?”

“பின்னுக்கு நிக்குது.”

ஒரு சிட்டிகை போட்டார்.

“இப்ப?”

“முன்னுக்கு வந்திட்டுது.”

“அப்ப காணும்.”

இப்படியே வேலை நடந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன். இதில் என் பங்கு மூக்கு மட்டும்தான். கொதி எப்போது இறங்க வேண்டும், கடற்பாசி எவ்வளவு, சீவல் நெய்யில் எந்த நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சீவல் பொரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். சத்தம் மெலிந்ததும் வடித்தார். கலவை தட்டுகளில் இறுகியது. மேலே சீவிய சுளை, தேங்காய், கஜு, மாதுளை. வெளிர் மஞ்சளில் சிவப்பு முத்துகள். 

தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்துவிட்டது என்று வெடி கேட்டது. பெண்களும் பிள்ளைகளும் முதலில் வந்தார்கள். ஞானாம்பிகை மச்சாள் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு மாம்பழத் தோல் இருந்தது.

“அண்ணி, என்ரை பழத்தின்ரை தோல் வாழையடியிலை கிடக்கு. பழம் எங்கை?”

தட்டுகளைப் பார்த்தார்.

“உது பிலாப்பழமெல்லோ?”

 கூடத்தில் இருந்த எல்லோரும் குசினி வாசலைப் பார்த்தார்கள்.

பழம் பழுதென்று சொன்னால் முதல் காய்ப்புக்கு அது அவச்சொல். பெட்டியைச் சொன்னால் மச்சாளுக்குச் சபையில் வெட்கம். பெட்டி மணத்தது என்றால் பிறகு ஏன் அக்கா அத்தனையையும் தோல் சீவினார் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

“மச்சாள், நான்தான் பிழையா...” என்று தொடங்கினேன்.

“நீ பொறு தர்சினி.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“உன்ரை பழத்திலை பிழை இல்லை ஞானம். மரத்திலையும் பிழை இல்லை. பழத்திலை வேறை மணம் ஒண்டு ஏறிப்போச்சு. அது எனக்குத் தெரியேல்லை. எல்லாத்தையும் கரைச்சாப்பிறகு தர்சினிதான் கண்டவள்.” கூடத்தைப் பார்த்தார். “எனக்கு மணமே தெரியாது. மூண்டு வருசமா.”

யாரோ “ஐயோ பாவம்” என்றார்கள். இன்னொரு குரல், “அப்ப ஏனப்பா இவ்வளவு பேருக்கும் சமைக்க வெளிக்கிட்டவா?” என்றது. அக்கா பயந்தது அதைத்தான். அவர் வாசலை விட்டு அசையவில்லை. சேலை நுனியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

 மச்சாள் தோலை எறிய வெளியே போனார். விறகுக் கொட்டில் பக்கம் அவருடைய காலடி நின்றது. திரும்பி வர நேரம் எடுத்தது. வந்தபோது பெட்டி கையில் இருந்தது. கூடத்துக்குள் கொண்டு வராமல் படியில் நின்றே தூக்கிக் காட்டினார்.

“ஆரப்பா பாவம் எண்டது? பாவம் நான்தான். என்ரை மனுசன் கடையிலை கருவாடு வந்த பெட்டியிலை அம்மனுக்கு மாம்பழம் கட்டியிருக்கிறார். நானும் பாராமல் வானிலை ஏத்தி விட்டிருக்கிறன்.”

 கூடம் முழுவதும் சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. பெட்டியை முற்றத்தில் எறிந்துவிட்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பெட்டி எண்டு தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது?”

“மூண்டு வருசமா மணம் தெரியாமலோ எங்களுக்கு உதைச் செய்து தந்தனீங்கள்?”

“ஓம்.”

“நான் போன வருசம் நாலு துண்டு சாப்பிட்டனான்.”

“அஞ்சு” என்றார் அக்கா.

“பொல்லாத ஆள் அண்ணி நீங்கள்” என்றார் மச்சாள். முன்பு ஒருநாளும் அவர் குரல் அப்படி இருந்ததில்லை. பிறகு திரும்பி, ஏன் சமைக்க வெளிக்கிட்டவா என்று கேட்ட பக்கத்தைப் பார்த்தார். “ஆருக்கெண்டாலும் வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. அந்தத் துண்டும் எனக்குத்தான்.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆண்கள் வந்தார்கள். இராசநாயகம் அண்ணை வியர்வையும் திருநீறுமாக நேரே குசினிக்கு வந்தார். வடம் பிடித்த கைகள் சிவந்திருந்தன. தட்டின் மேல் குனிந்து மூச்சை இழுத்து, மெதுவாக அக்காவின் காதருகே, “நல்லா இருக்கு” என்றார். கூடம் மறுபடியும் சிரித்தது. அவர் ஒன்றும் விளங்காமல் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார்.

சாமியறையில் படையல் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். பிறகு இலை போட்டார்கள். சோறு முடிந்ததும் நான் தட்டுகளைக் கொண்டுபோய் ஒவ்வொரு இலையிலும் ஒரு சதுரம் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா குசினி நிலையில் சாய்ந்து நின்றார். கண்கள் மூடியிருந்தன. முகத்தைச் சற்றுத் திருப்பி ஒரு காதைக் கூடத்துக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு தேருக்கும் அவர் அந்த இடத்தில்தான் நிற்பார். களைத்துப்போய் நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

முதல் வாய் கடிபட்டது. பிறகு அடுத்தது. பிறகு வரிசை முழுவதும். கஜு உடைந்தது, சீவல் நொறுங்கியது, வருக்கைச் சுளை நறுக்கென்றது. பிள்ளைகள்கூடக் கதைக்கவில்லை. மழை தகரத்தில் தொடங்குகிற மாதிரி அந்தச் சத்தம் கூடத்தில் பரவியது. அக்காவின் முகம் மெல்ல இளகியது.

மச்சாளும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து, குசினி நிலைக்கு வந்து, அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தார்.

“கேக்குதோ அண்ணி?”

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

“கேக்குது” என்றார். “பல்லு கவனம்.”